காசில்லாத டீம் கப் ஜெயிக்குமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், அமெரிக்காவுல நடக்கற நாஸ்கார் ரேஸ் பாக்குறேன். கார் முழுக்க கம்பெனி விளம்பரம், ஒவ்வொரு டீமுக்கும் பின்னாடி பெரிய முதலாளி. இதுல கையில காசு இல்லாத சின்ன டீம் ஒண்ணாவது சாம்பியன் ஆனது உண்டா, இல்ல அவங்கல்லாம் சும்மா எண்ணிக்கைக்குத்தானா?

பதில்: உண்டுங்க, 1992-ல ஆலன் குல்விக்கி. இவரைப் பத்தி யாராவது கேக்க மாட்டாங்களான்னு ரொம்ப நாளா எனக்கு ஆசை. விஸ்கான்சின்காரர், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர். நாஸ்கார் டீம் எல்லாம் தெற்குல, நார்த் கரோலைனாவுல சார்லட் ஊரைச் சுத்தித்தான் இருக்கும், அதனால 1985-ல இருந்ததையெல்லாம் வித்துட்டு, தன்னோட ரேஸ் காரையும் சேத்து வித்துட்டு, டூல்ஸும் வீட்டு சாமானும் ஒரு ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு கிளம்பத் தயாரா நின்னார். ரெண்டு நாள்ல கிளம்பணும், அதுக்குள்ள கரண்ட் கோளாறுல ட்ரெய்லரை இழுக்க வேண்டிய வண்டி எரிஞ்சு போச்சு. வேற யாரா இருந்தாலும் சகுனம் சரியில்லன்னு உக்காந்திருப்பாங்க, இவர் இன்னொரு வண்டியை இரவல் வாங்கி அதுல ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு போயிட்டார்.

மறு வருஷம் 1986-ல, ஒரே ஒரு கார், ரெண்டு இன்ஜின், முழுநேர ஆளுங்க ரெண்டே பேர், இதை வச்சுக்கிட்டே அந்த வருஷத்தோட சிறந்த புதுமுகம் பட்டத்தை வாங்கினார். பெரிய டீம்ல ஒரு இன்ஜின் போனா ஷெட்டுல அடுத்தது ரெடியா இருக்கும், கார் இடிச்சா வேற கார் வரும், இங்க இடிச்சா ராத்திரியெல்லாம் உக்காந்து அதையேதான் நிமித்தணும். ஓட்டறதும் அவர், முதலாளியும் அவர், சம்பளம் குடுக்கறதும் அவர்.

இந்த ஆளோட திறமையைப் பாத்து ஜூனியர் ஜான்சன், அந்தக் காலத்துல பெரிய டீம் முதலாளி, தன் காரை ஓட்ட வரச் சொல்லிக் கூப்பிட்டார். இவர் மாட்டேன்னுட்டார், சொந்த டீமைத்தான் நடத்துவேன்னார். ஆனா 1991 சீசன்ல ஸ்பான்சர் இல்லாம தவிச்சார், அட்லாண்டா ரேஸுக்கு ஒரு கம்பெனி பேரும் எழுதாத வெள்ளைக் காரோட போய், அந்த வெள்ளைக் கார்லயே தகுதிச் சுற்றுல முதல் இடம் பிடிச்சார். ஹூட்டர்ஸ்னு ஒரு ஓட்டல் கம்பெனி ஸ்பான்சர் பண்ணின வேற காரு தகுதியே பெறல, அவங்க விளம்பரம் இவர் கார்ல ஏறிச்சு, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அதேதான் ஸ்பான்சர்.

கேள்வி: ஒரே ஒரு சுற்று வித்தியாசத்துலதான் அந்த சாம்பியன்ஷிப் கிடைச்சதுன்னு படிச்சேன், அது எப்படி?

பதில்: இதை நான் எத்தனை தடவை பேப்பர்ல போட்டுப் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. அப்ப வருஷம் முழுக்க ஒவ்வொரு ரேஸ்லயும் கிடைக்கற பாயின்ட்டைக் கூட்டி, அதிகம் இருக்கறவர்தான் சாம்பியன். 1992 செப்டம்பர்ல டோவர் ரேஸ்ல கார் இடிச்சு, ஆறு ரேஸ் பாக்கி இருக்கும்போது 278 பாயின்ட் பின்னாடி போயிட்டார், எல்லாரும் இவரை மறந்துட்டாங்க. அவர் மறக்கல, ரேஸ் ரேஸா கொஞ்சம் கொஞ்சமா ஏறி வந்தார். நவம்பர் 15, அட்லாண்டாவுல கடைசி ரேஸ், ஆறு பேருக்கு சாம்பியன் ஆக வாய்ப்பு இருந்துச்சு. முதல்ல டேவி ஆலிசன், 30 பாயின்ட் பின்னாடி நம்மாளு, 40 பின்னாடி பில் எலியட். எலியட் ஓட்டினது யாரோட கார் தெரியுமா? ஜூனியர் ஜான்சனோட கார்!

கார் ஃபோர்டு தண்டர்பேர்ட். முன் பம்பர்ல எழுதியிருந்த பேர்ல முதல் ரெண்டு எழுத்தை, டி-யையும் எச்-சையும், ஃபோர்டுகிட்டயும் நாஸ்கார்கிட்டயும் அனுமதி கேட்டு எடுத்துட்டார், அப்ப அது அண்டர்பேர்ட்னு ஆச்சு. ஜெயிக்க மாட்டான்னு ஊரே நினைக்கிறவனை அங்க அண்டர்டாக்னு சொல்வாங்க, அதைத்தான் தன் கார் மூஞ்சியிலயே எழுதிக்கிட்டு வந்தார்.

ரேஸ் நடுவுல முதல் கியர் உடைஞ்சு போச்சு, அதனால பெட்ரோல் போட, டயர் மாத்த பிட்ல நின்னுட்டு கிளம்பும்போதெல்லாம் ஆளுங்க பின்னாடி இருந்து தள்ளணும், மேல் கியர்லயே இழுத்துக்கிட்டுப் போகணும். ஆலிசனுக்கு அஞ்சாவது இடம் வந்தாலே போதும், ஆனா முன்னாடி போன இன்னொரு கார் சுழன்டதுல அதோட மோதி அவர் வாய்ப்பு போச்சு. மிச்சம் குல்விக்கியும் எலியட்டும்தான்.

இப்பதான் கணக்கு. முதல் இடத்துக்கு 175 பாயின்ட், ரெண்டாவதுக்கு 170. ஒரு சுற்றாவது முன்னாடி ஓடினா 5, மத்த எல்லாரையும் விட அதிக சுற்று முன்னாடி ஓடினா இன்னொரு 5. மொத்தம் 328 சுற்று. குல்விக்கியோட டீம், தலைமை மெக்கானிக் பால் ஆண்ட்ரூஸ், எத்தனை சுற்று முன்னாடி ஓடிட்டா மிச்சம் முழுக்க எலியட்டே ஓடினாலும் எட்டிப் பிடிக்க முடியாதுன்னு எண்ணிக்கிட்டே இருந்தாங்க. பெட்ரோல் தீர்ந்துக்கிட்டு இருக்கு, ஆனாலும் அந்த எண்ணிக்கை வர்ற வரைக்கும் வண்டியை உள்ள கூப்பிடல. 310-வது சுற்று வாக்குல வந்து, டயரைத் தொடாம பெட்ரோலை மட்டும் ஊத்திக்கிட்டுக் கிளம்பினார், அதுக்கப்புறம் எலியட்டைத் துரத்தவே இல்ல, பெட்ரோலை மிச்சம் பிடிச்சு ரெண்டாவதா முடிச்சார்.

எலியட் ரேஸை ஜெயிச்சார், 175-ம் 5-ம் 180. குல்விக்கி 170-ம் 5-ம் 5-ம், அவருக்கும் 180. முன்னாடி இருந்த 10 பாயின்ட் வித்தியாசம் அப்படியே நின்னுடுச்சு, 4078-க்கு 4068. முன்னாடி ஓடின சுற்று? குல்விக்கி 103, எலியட் 102. அந்த ஒரு சுற்று மாறியிருந்தா ரெண்டு பேரும் 4073-ல சமம், சமமா இருந்தா அதிக ரேஸ் ஜெயிச்சவருக்குத்தான் பட்டம், எலியட் அந்த வருஷம் 5 ஜெயிச்சிருந்தார், இவர் 2. அதிர்ஷ்டம்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகல, ஆலிசன் மோதினது வேணா அதிர்ஷ்டம், அந்த 103 எண்ணி எடுத்தது.

ஜெயிச்சதும் காருக்குள்ளயே உக்காந்து, நாடு முழுக்க டிவியில காத்திருக்க, சீப்பை எடுத்து நிதானமா தலை வாரிக்கிட்டுத்தான் வெளிய வந்தார். ஏழு வருஷம் காத்திருந்தவர், அந்த ஒரு நிமிஷம் மத்தவங்க காத்திருக்கட்டும்.

கேள்வி: ஜெயிச்சவங்க சில பேர் ட்ராக்ல எதிர்ப்பக்கமா ஒரு சுற்று வர்றாங்களே, அது ஏன்? அப்புறம் அந்த டீம் இப்ப இருக்கா?

பதில்: அதுவும் இவர் ஆரம்பிச்சதுதான். நாஸ்கார்ல பெரும்பாலான ட்ராக்ல இடப்பக்கமாத்தான் திரும்புவாங்க, டிரைவர் உக்கார்றதும் இடப்பக்கம், அதனால அவர் ஜன்னல் ட்ராக்கோட நடுப்பக்கத்தைப் பாத்திருக்கும், கேலரில உக்காந்திருக்கவங்களுக்கு அவர் மூஞ்சி தெரியாது. 1988-ல ஃபீனிக்ஸ்ல முதல் ரேஸ் ஜெயிச்சப்போ எதிர்ப்பக்கமா திருப்பி ஓட்டி ஜனங்களைப் பாத்துக் கையசைச்சார். அவர் முன்னோர் போலந்துக்காரங்க, அதனால போலிஷ் வெற்றிச் சுற்றுன்னு பேர் வந்துச்சு. அதுக்கப்புறம் சாம்பியன் ஆன அன்னைக்குத்தான் மறுபடி செஞ்சார்.

சாம்பியன் ஆகி அஞ்சு மாசம்கூட முழுசா ஆகல, 1993 ஏப்ரல் 1, பிரிஸ்டல் ரேஸுக்குப் போற வழியில சின்ன விமானம் விழுந்து அதுல இருந்த நாலு பேரும் இறந்துட்டாங்க. வயசு 38. மறுநாள் பிரிஸ்டல்ல மழை, அவர் டீமோட ட்ரக் முன்னாடி கறுப்பு மலர் வளையம் கட்டிக்கிட்டு காலியான ட்ராக்ல மெதுவா சுத்தி வந்துட்டு கேட் வழியா வெளிய போச்சு, அதோட வீடியோவை நான் பாதிக்கு மேல பாக்க முடியாம நிறுத்திட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை ரேஸை ஜெயிச்ச ரஸ்டி வாலஸ் வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமா ஒரு சுற்று ஓட்டினார்.

டீமை ஜெஃப் போடைன்ங்கற டிரைவர் வாங்கினார், 1994-ல மூணு ரேஸ் ஜெயிச்சும் காட்டினார், அப்புறம் கை மாறி இல்லாமயே போச்சு. தானே முதலாளியா இருந்து தானே ஓட்டி சாம்பியன் ஆனது அதுக்கப்புறம் 2011-ல டோனி ஸ்டீவர்ட்தான், ஆனா அவர் டீம்ல பாதிப் பங்கு ஒரு பெரிய மெஷின் கம்பெனி முதலாளியோடது.