மூன்று மடிப்பில் தையல் தவறுவது பற்றி

வணக்கம். ஒற்றைத் தோலில் ஒழுங்காகத் தைக்கும் உங்கள் வாக்கிங் ஃபுட் (பாதமும் சேர்ந்து தோலை நகர்த்தும்) இயந்திரம், பையின் வார் சேரும் மூன்று மடிப்பில் மட்டும் தையலைத் தவறவிடுகிறது என்றும், நூலின் இறுக்கத்தை மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இறுக்கத்தை இனித் தொடவேண்டாம். அது சரியில்லாவிட்டால் நூற்பின்னல் மேலோ கீழோ வெளித்தெரியுமே தவிர, தையல் தவறுவது அரிது.

ஊசி அடிநிலையிலிருந்து ஏறத் தொடங்கும்போது நூல் சிறு கண்ணியாக விரிய, அதைத்தான் ஹூக்கின் (ஊசித்தட்டின் கீழே சுழலும் கொக்கியின்) முனை பிடிக்கிறது. தடித்த தோல் ஊசியைப் பற்றிக்கொண்டு அதனுடனேயே எழும்பினால் அந்தக் கண்ணி விரியாது. ஆகவே கைச்சில்லை மெதுவாகச் சுற்றி, பாதத்தின் கீழ்த் தோல் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் பாத அழுத்தத்தைக் கூட்டுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட 20 ஆம் இலக்க நூலுக்கு 18 ஆம் இலக்க ஊசி மெல்லியது, 22 போடுங்கள். கொழும்பு புறக்கோட்டையில் வாங்கும்போது பழைய ஊசியையும் கொண்டுபோய், அதே வகையில் தோலுக்கான வெட்டுமுனை உள்ளதைக் கேளுங்கள். மாட்டும்போது ஊசியின் குழிந்த பக்கம் ஹூக்கை நோக்கியிருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் தவறினால் மட்டுமே டைமிங்கை, அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரத்தைப் பாருங்கள்: ஊசி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் எழுந்த நிலையில், ஹூக்கின் முனை ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே அதை உரசாமல் கடக்க வேண்டும். நான் ஒருமுறை அரைநாள் டைமிங்கோடு மல்லுக்கட்டிய பின்னரே ஊசி வளைந்திருந்ததைக் கண்டேன். உங்கள் பட்டறை கடலோரம் என்பதால், ஹூக் முனையில் துரு சொரசொரக்கிறதா என்று நகத்தால் தடவியும் பாருங்கள்.