மீட்டர் திருத்திய ஹைபிரிட் காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: கோவையில் உள்ள பழைய கார் வியாபாரி ஒருவரிடம் ஏழு வாரங்களுக்கு முன் 2023ஆம் ஆண்டுப் பதிவுள்ள டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் காரை 13,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 48,000 கிலோமீட்டர் இருந்தது; வாட்ஸ்அப்பிலும் அவர் அதையே எழுதியிருந்தார். சர்வீஸுக்கு விட்டபோதுதான், சென்ற ஆண்டே இந்த வண்டி 1,06,000 கிலோமீட்டரில் சர்வீஸ் செய்யப்பட்டதாகப் பதிவு இருப்பது தெரிந்தது. ஆர்.சி. இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரில்தான் உள்ளது. வியாபாரியோ, "உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டீர்கள், நான் வெறும் இடைத்தரகன்" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுத்தொகையைக் கேட்பதா, காரை வைத்துக்கொண்டு விலை வித்தியாசத்தைக் கேட்பதா என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். உண்மை தெரிந்த பிறகும் வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தை நீங்களே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று.

வியாபாரியின் இரண்டு பதில்களில் கையெழுத்து பற்றியதை முதலில் பார்ப்போம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பின்னர் புகார் சொல்ல முடியாது என்கிறது. பம்பர் கீறலுக்கும் தேய்ந்த டயருக்கும் இது பொருந்தும். திருத்தப்பட்ட மீட்டர் அப்படிப்பட்ட குறை அன்று. உண்மையைச் செயல்மூலம் மறைப்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மோசடி என்றே வரையறுக்கிறது. மோசடியால் உங்கள் சம்மதத்தைப் பெற்ற ஒப்பந்தத்தை 19ஆவது பிரிவின்படி நீங்கள் ரத்து செய்யலாம். 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம் அந்த மோசடிக்குக் கவசமாகாது. ஆனால் அதே 19ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: எதிர்த்தரப்பு தவறான தகவல் மட்டும் தந்திருந்தாலோ மௌனமாக இருந்திருந்தாலோ, சாதாரண கவனத்தோடு நீங்கள் உண்மையைக் கண்டறிந்திருக்கக்கூடிய நிலையில், ரத்து செய்யும் உரிமை இல்லை. சர்வீஸ் பதிவை வாங்கும் முன்பே கேட்டிருக்கலாமே என்று வியாபாரி இதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆகவே, மீட்டர் திருத்தப்பட்டது அவருக்குத் தெரியும் என்பதையோ, அவரே திருத்தினார் என்பதையோ காட்டும் சான்று உங்கள் வழக்கின் மையம். முந்தைய உரிமையாளர் வண்டியை ஒப்படைத்த நாளில் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று அவரிடம் எழுத்தில் வாங்க முடிந்தால், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அவர் உதவுவாரா என்று நீங்கள் தயங்கலாம். உதவ அவருக்கே காரணம் இருக்கிறது. ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை, விபத்து நேர்ந்தால் பதிவுபெற்ற உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இதைப் பணிவாக எடுத்துச் சொன்னாலே பெரும்பாலானோர் ஒத்துழைப்பார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்து, இடைத்தரகன் என்ற பேச்சு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான வாகனங்களை விற்கும் வியாபாரி அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தப் படிவம் தாக்கலாகியிருந்தால், இடைத்தரகன் என்ற வாதம் அவருடைய சொந்த ஆவணத்தாலேயே விழுந்துவிடும். தாக்கலாகவில்லை என்றாலும், நீங்கள் பணம் செலுத்தியது யாருடைய வங்கிக் கணக்கில், ரசீது யார் பெயரில் என்பவை விற்றவர் யார் என்பதைச் சொல்லும்.

பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியாலும் ஓடும் ஹைபிரிட் என்பதால் உங்கள் இழப்பு சாதாரண பெட்ரோல் காரைவிடக் கூடுதல்; அதை மனுவில் தனியாக எழுதுங்கள். ஹைபிரிட் பேட்டரிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்தியதோ அதுவரை. மீட்டரை நம்பிய நீங்கள் இன்னும் 1,12,000 கிலோமீட்டர் மிச்சம் என்று கணக்கிட்டே விலை பேசியிருப்பீர்கள். சர்வீஸ் பதிவின்படி மிச்சம் அதிகபட்சம் 54,000தான். போதாததற்கு, மீட்டரில் கைவைத்த வண்டிகளுக்கு உத்தரவாதத்தை மறுக்கும் நிபந்தனையை நிறுவனங்கள் சேர்ப்பது வழக்கம். உங்கள் உத்தரவாதக் கையேட்டில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பேட்டரியின் நிலை பற்றிய அறிக்கையும் வாங்குங்கள். வெளி மெக்கானிக் யாரையும் உயர் மின்னழுத்தப் பகுதியைத் திறக்க விடாதீர்கள். பிறகு பழி உங்கள்மேல் திரும்பும்.

வழக்கு மதுரையிலேயே போடலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்க இடம் தருகிறது. செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கட்டணம் 400 ரூபாய். பொருளின் தரம் பற்றிப் பொய்யான தகவல் தருவது நியாயமற்ற வணிக நடவடிக்கை என்ற அடிப்படையில் மனு அமையட்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியது என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். வாடகைக்கு விடத்தான் வாங்கினீர்கள் என்று அவர்கள் கிளப்பினால் நுகர்வோர் என்ற தகுதியே சிக்கலாகும். வாட்ஸ்அப் செய்திகளின் நகலோடு, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவு மின்னணுச் சான்றுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைக்க வேண்டும். ஏமாற்றுதலுக்காகக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம் என்றாலும், அது பல நேரம் கட்டப்பஞ்சாயத்தில் போய் நிற்பதால் நான் அதை இரண்டாவதாகவே வைப்பேன்.

பெயர் மாற்றத்துக்கு வருவோம். வாங்கிய 30 நாளுக்குள் நீங்கள் விண்ணப்பித்திருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது. காரை வைத்துக்கொள்வதானால், படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்துப் பெற்று உடனே மாற்றுங்கள். இழப்பீடு கோரும் உரிமைக்குப் பாதகமின்றி மாற்றுவதாக, வியாபாரிக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் எழுதுங்கள். திருப்பிக் கொடுப்பதானால், உங்கள் பெயரையும் ஏற்றி வண்டியின் மதிப்பை இன்னும் குறைக்காமல், ஒப்படைக்கத் தயார் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வண்டியை நிறுத்தி வையுங்கள். இன்சூரன்ஸை நம்பி ஓட்ட வேண்டாம்: மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும், சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு பாலிசியில் உங்கள் பெயர் ஏறாமல் வராது.

புகாருக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. அவ்வளவு காத்திருக்க வேண்டாம். இன்றைய மீட்டர் அளவைத் தேதியோடு படமெடுத்து, நோட்டீஸில் அந்த எண்ணையும் குறிப்பிடுங்கள். நீங்கள் ஓட்டிய கிலோமீட்டர் எவ்வளவு என்று ஆணையம் கேட்கும்போது, சொல்ல வேண்டிய கணக்கு அதுதான்.