மருமகனின் பனிப்படமும் மாமியின் பன்னிரண்டு பவுணும்

கேள்வி: எனக்கு வயது 57. அரச பாடசாலையில் கணித ஆசிரியை. என் தம்பி 1990இல் சுவிசுக்குப் போனவர். அவருடைய மகன் அங்கேயே பிறந்து, இப்போது தொழில்முறைப் பனிச்சறுக்கு வீரனாக இருக்கிறான். இதுவரை மற்றவர்கள் எடுத்த படங்களில் சறுக்கியவன், இந்த முறை மூன்று நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பனிச்சறுக்குப் படம் எடுக்கப் போகிறான். அதற்கு ஐயாயிரம் பிராங் போடும்படி தம்பி கேட்கிறார். படம் வெளிவந்ததும் முப்பது வீத இலாபத்தோடு திரும்பும் என்கிறார். என் பன்னிரண்டு பவுண் நகை ஏற்கெனவே பதினாறு இலட்சத்துக்கு அடைவில் இருக்கிறது. தங்க விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இருபத்தாறு இலட்சம் வரை தரலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். செப்டெம்பரில் தவணை. போதாவிட்டால் கோண்டாவிலில் உள்ள சீதனக் காணியை ஈடு வைக்கலாம் என்றும் தம்பி சொல்கிறார். கணவரிடம் பத்து இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு இருக்கிறது. ஆனால் அவருக்கு இந்த அடைவு எதுவும் தெரியாது. எனக்கு நித்திரை வருவதில்லை. பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் மருமகன் அனுப்பிய செலவுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். எடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: எடுக்க வேண்டாம், ரீச்சர்.

நித்திரை கெட்டதற்குக் காரணம் இந்தப் படம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பற்றுச்சீட்டுகளைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் நேற்று வந்த விருந்தாளி. 2021இலிருந்து உங்கள் வீட்டில் குடியிருப்பது வேறொன்று.

2021 செப்டெம்பரில் இந்தப் பன்னிரண்டு பவுணை ஏழு இலட்சத்து இருபதாயிரத்துக்கு வைத்தீர்கள். இன்னொரு தம்பியின் மகன் கனடா போவதற்காக முகவருக்குக் கொடுத்த காசு. பையன் பாங்கொக்கோடு திரும்பிவிட்டான் என்று பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு தங்க விலை ஏறியது. அதே நகையைப் பன்னிரண்டு இலட்சத்துக்கு மாற்றி வைத்து, தங்கை கணவரின் முச்சக்கரவண்டி லீசிங் நிலுவையைத் தீர்த்தீர்கள். 2024இல் மறுபடி ஏறியது. பதினாறு இலட்சம், தங்கை மகளின் சாமத்திய வீடு. இப்போது மறுபடி ஏறியிருக்கிறது. உடனே தம்பியின் தொலைபேசி அழைப்பு.

தங்கம் ஏறும்போதெல்லாம் கடனையும் அதோடு சேர்த்து ஏற்றிவிடுகிறீர்கள். இதுதான் உங்களை அரிக்கிற பழக்கம். நகை விலை ஏறினால் மற்றவர்கள் தங்களிடம் கொஞ்சம் சொத்துக் கூடியிருக்கிறது என்று ஆறுதல் அடைவார்கள். உங்களுக்கோ அது யாரோ ஒருவருக்குக் கொடுப்பதற்காக வந்த காசாகத் தெரிகிறது. போதாததற்கு, 2022இல் ஏறியது பெரும்பாலும் தங்கமும் அல்ல. ஒரு டொலர் இருநூறு ரூபாய் அளவிலிருந்து முந்நூற்று அறுபது வரை போன ஆண்டு அது. விழுந்தது ரூபாய். உங்கள் காப்பு அதே காப்புத்தான்.

கணித ஆசிரியைக்கு வட்டிக் கணக்கு விளக்க நான் துணியமாட்டேன். ஆனால் ஐந்து ஆண்டுச் சீட்டுகளையும் ஒரே தாளில் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை, நான் கூட்டினேன். சீட்டுகளில் உள்ள வீதங்களின்படி முதல் ஆண்டு 72,000. அடுத்தது இருபத்தெட்டு வீதம் போட்ட கொடிய ஆண்டு, 3,36,000. அதற்கு அடுத்தது 2,40,000. பிறகு 2,08,000. இந்த செப்டெம்பரில் கட்ட வேண்டியது 1,92,000. மொத்தம் ஏறத்தாழ பத்தரை இலட்சம். இதில் இரண்டு முறை பழைய வட்டியைப் புதிய கடனிலேயே கழித்திருக்கிறார்கள். 2024இல் நான்கு இலட்சம் மேலதிகமாக எடுத்தபோது கைக்கு வந்தது ஒரு இலட்சத்து அறுபதாயிரம்தான். 2022–23 வட்டிக்காக எடுத்த இடர் கடன் இன்னும் சம்பளத்தில் கழிகிறது. ஆக, உறவுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் பதின்மூன்று இலட்சம். அதற்கு வட்டி பத்தரை. இன்னும் நிற்கிற கடன் பதினாறு.

இப்போது இருபத்தாறு இலட்சத்துக்கு ஏற்றினால் என்ன நடக்கும்? மேலதிகமாக வருகிற பத்து இலட்சத்தில் இந்த ஆண்டு வட்டியை முதலில் கழிப்பார்கள். கையில் 8,08,000. ஒரு பிராங்கை 370 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,200 பிராங்கைத் தொடாது. தம்பி கேட்டதில் பாதிகூட இல்லை. அந்தக் காசுக்காகப் பன்னிரண்டு வீதத்தில் மாதம் 16,000 ஆக இருக்கிற வட்டி 26,000 ஆகும். அறுபது வயதில் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வரும்போதும் அந்த 26,000 உங்களோடு கூடவே வரும். தங்கம் ஏறிக்கொண்டே போகும் என்று வங்கி எழுத்தர் சொன்னாராம். 2013இல் தங்க விலை சரிந்தபோது அடைவுக் கடனில் வங்கிகளே அடிபட்டதும், மீட்காமல் விட்ட நகைகள் ஏலத்துக்குப் போனதும் அவருக்கு நினைவிருக்காது; வயது காணாது.

சரி, படத்துக்கு வருவோம். எனக்குப் பனியைப் பற்றிச் சொந்த அனுபவம் கிடையாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி. ஆனால் மருமகனின் செலவுக் கணக்கை இரண்டு முறை வாசித்தேன். நன்றாகப் போட்டிருக்கிறான். ஹெலிகொப்டருக்குப் பெரிய தொகை ஒதுக்கவில்லை. சுவிசில் மலையில் ஹெலிகொப்டர் இறங்குவதற்கென்று நாற்பது இடங்கள் அளவில்தான் அனுமதித்திருக்கிறார்கள். பிரான்சில் பொழுதுபோக்குக்காக அப்படி இறக்குவதே தடை. நடந்து ஏறியே படம் பிடிக்கப் போகிறார்கள். கமராவை வாடகைக்கு எடுக்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் இருந்த ஒரு வரி: “காத்திருக்கும் நாட்கள் – 18.” டாவோசில் உள்ள ஆய்வு நிலையம் பனிச்சரிவு ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை அளவிட்டு அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்துக் கூட என்று அது சொன்னால் அன்று மலைக்குப் போவது புத்தியல்ல. வெளிச்சம் தட்டையாக, பனியில் மேடு பள்ளம் தெரியாமல் இருந்தாலும் படம் பிடித்துப் பயனில்லை. ஆனால் அன்றைக்கும் எல்லோரும் சாப்பிட வேண்டும், எங்காவது தூங்க வேண்டும். வேலை நடக்காத நாளுக்கும் செலவு உண்டு என்று எழுதி வைக்கிற இளைஞனை நான் நம்புவேன். இங்கே வீடு கட்டுகிறவர்கள் மாரி மழைக்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை.

இந்தப் படங்கள் எப்படி உழைக்கின்றன என்று தம்பி சொன்னதும் உண்மையில் நடப்பதும் ஒன்றல்ல. வாரன் மில்லர் என்ற அமெரிக்கர் 1950 முதல் ஆண்டுக்கொரு பனிச்சறுக்குப் படத்தோடு ஊர் ஊராகப் போய், மண்டபம் வாடகைக்கு எடுத்து, படம் ஓடும்போது தானே பக்கத்தில் நின்று கதை சொல்லி டிக்கெட் விற்றார். பிறகு வீடியோ, டிவிடி என்று ஒரு காலம் விற்பனை இருந்தது. இப்போது பல படங்கள் சில திரையிடல்களோடு இலவசமாக யூரியூப்புக்கு வந்துவிடுகின்றன. ஆகவே காசு, பனி விழுவதற்கு முன்பே வந்தாக வேண்டும். சறுக்குப் பலகை செய்கிற நிறுவனம், உடை நிறுவனம், மலை ஊரின் சுற்றுலா அலுவலகம் இவர்கள்தான் விளம்பரத்துக்காகக் கொடுப்பவர்கள். மார்கழி முதல் சித்திரை வரை பிடித்ததை இலையுதிர் காலத்தில் வெளியிடுவார்கள். அதில் பெயர் எடுத்தவனுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடைக்கும். வீரனுடைய இலாபம் அந்த ஒப்பந்தம்தான்; அதைப் பங்கு பிரித்து மாமிக்கு முப்பது வீதம் அனுப்ப வழியில்லை. 1990களின் நடுவில் வயோமிங்கில் டீட்டன் கிராவிட்டி ரிசர்ச் என்ற படக் குழுவைத் தொடங்கிய இளைஞர்கள், அலாஸ்கா கடலில் மீன்பிடித்து உழைத்த காசை அதில் போட்டார்கள். கடற்றொழில் செய்கிற நம்மூர்க் குருநகர்க்காரருக்கு இது உடனே விளங்கும்.

இனி மருமகனின் கணக்கில் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். மொத்தச் செலவு 90,000 பிராங். சறுக்குப் பலகை நிறுவனம் 35,000. உடை நிறுவனம் 15,000. சுற்றுலா அலுவலகம் 10,000. இணையத்தில் பொதுமக்களிடம் திரட்டுவது 12,000. நான்கு பேரும் கோடையில் கூரை வேலை செய்து ஆளுக்கு 4,500 வீதம் 18,000.

கூட்டுங்கள், ரீச்சர். தொண்ணூறாயிரம் சரியாக வருகிறது. உங்கள் ஐயாயிரத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

தம்பி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பொதுமக்களிடம் பன்னிரண்டாயிரம் சேராது என்று பயந்து முன்கூட்டியே கேட்டிருக்கலாம். மகனுக்குத் தெரியாமல் தன் பங்காக ஏதாவது கொடுக்க நினைத்திருக்கலாம். அங்கே இருப்பவர்களுக்கும் லீசிங் உண்டு, தனிநபர்க் கடன் உண்டு. தன் கையிருப்பு முட்டுப்படுவதை அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டு மகனின் படத்தை முன்னால் வைத்திருக்கவும் கூடும். எதுவாக இருந்தாலும் கேள்வியை மருமகனிடம் நேரே கேளுங்கள். “உன் படத்துக்கு ஐயாயிரம் பிராங் குறைகிறதா?” இவ்வளவுதான். பிறகு தம்பியோடு பேசுங்கள்.

தம்பியின் வட்ஸ்அப் செய்தியை நீங்கள் அப்படியே பிரதி செய்து அனுப்பியிருக்கிறீர்கள். அதில் படத்தின் உரிமையை “டிஜிட்டல் டோக்கன்” ஆக்கி விற்கலாம், விலை பத்து மடங்காகும் என்று இருக்கிறது. பத்து மடங்கு என்ற சொல்லைக் கண்டால் நான் மேற்கொண்டு வாசிப்பதில்லை. கிரிப்டோ வகைகளுக்கு இங்கே ஒழுங்குமுறைப் பாதுகாப்பு இல்லை என்று மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. காசை யாழ்ப்பாண நகரத்தில் ஒருவரிடம் கொடுத்தால் அங்கே தன் கைக்கு வந்துவிடும் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அது உண்டியல், வங்கிக்கு வெளியே காசு மாற்றும் வழி. 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி முதலீடாக இங்கிருந்து வெளியே போகிற பணத்துக்கு வரையறை உண்டு, வங்கி வழியே போக வேண்டும். நீங்கள் அரச ஊழியர். துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் எட்டு இலட்சத்தை ஒருவர் கையில் கொடுக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

சீதனக் காணியைப் பற்றி ஒரே வரி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் அதை ஈடு வைக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகைக்கு அது வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளாக நகை மட்டும் போய்வந்ததற்கும் காணி தப்பியதற்கும் இதைவிட வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யாரும் கையெழுத்துக் கேட்காத சொத்து நகை.

ஆகவே முதல் வேலை கணவரிடம் சொல்வது. அவர் இந்தப் பகுதியை வாசிப்பவர் என்றால் பாதி வேலையை நான் முடித்துவிட்டேன், மன்னியுங்கள். கோபிப்பார். ஆனால் அவருடைய வைப்பு இல்லாமல் அடுத்த வேலை நடக்காது.

உங்களிடம் இரண்டு பற்றுச்சீட்டுகள் இருப்பது நல்ல காலம். ஒன்றில் நாலு காப்பு, ஆறரைப் பவுண். மற்றதில் அட்டியலும் பதக்கம் சங்கிலியும், ஐந்தரை. காப்புச் சீட்டின் கடன் சுமார் 8,67,000, வட்டியோடு 9,71,000. வைப்பை முறிக்க வேண்டாம். வைப்பின்மேல் அதே வங்கியில் ஒன்பது இலட்சம் கடன் கேளுங்கள். குறைகிற எழுபதாயிரத்தைச் சேமிப்பிலிருந்து போட்டுக் காப்பை மீட்டு விற்றுவிடுங்கள். பவுண் மூன்று இலட்சம் என்றால் கடைக்காரர் கழிவு போகக் கையில் 2,80,000 கிடைக்கும் என்று வைப்போம்; ஆறரைப் பவுணுக்கு 18,20,000. கஸ்தூரியார் வீதியில் மூன்று கடையிலாவது விலை கேளுங்கள், தராசைப் பாருங்கள். அடைவுச் சீட்டையே வாங்குகிறோம் என்று வருகிறவர்களிடம் சீட்டைக் காட்டவும் வேண்டாம். வந்த காசில் வைப்பின்மேல் எடுத்த கடனையும் சேமிப்பையும் நேராக்கி, மீதியில் இரண்டாவது சீட்டை 8,21,000 கட்டி மீட்டுவிடலாம். கடன் சுழியம். அட்டியலும் சங்கிலியும் அலுமாரியில்.

காப்பை விற்பதா என்று மனம் கனக்கும். ஐந்து ஆண்டுகளாக நீங்கள் அதைப் போடவில்லை. கட்டிய வட்டிக்கு இன்றைய விலையிலும் மூன்று பவுணுக்கு மேல் வாங்கியிருக்கலாம். விற்றபின் மாதம் மிஞ்சுகிற 16,000இல் முதலில் இடர் கடனை முடியுங்கள். அடுத்த முறை தங்கம் ஏறி, யாராவது தொலைபேசி எடுத்தால், நகை இப்போது இரண்டு பேருடைய பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

எல்லாம் கழித்து, வைப்புக் கடனின் இரண்டு வார வட்டியும் போக, இருபத்துநாலாயிரம் அளவில் மிஞ்சும். மருமகனின் கணக்கில் பொதுமக்களிடம் திரட்டும் பகுதிக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஐம்பது பிராங் கொடுப்பவரின் பெயர் படத்தின் முடிவில் வரும். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். உங்கள் பெயரில் அவனையே அங்கே கட்டச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துவிடலாம்.