கோடையில் நான் கண்டுபிடித்தது: கரண்ட் போனால் தெளிகிற ரேடியோ

கேள்வி: கல்லூரி மாணவர்களே, உங்கள் அன்றாட ஆர்வங்கள் என்ன? கோடை விடுமுறையில் புதிதாகக் கண்டுபிடித்த பொழுதுபோக்கு எது?

கேட்டவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம், நான் படிக்கிற இடத்துக்குப் பெயர் கம்பஸ். கோடை விடுமுறை என்றும் ஒன்று இங்கே கிடையாது, செமஸ்டர் சோதனை எப்போது முடிகிறதோ அப்போதுதான் லீவு. ஆனால் கோடை உண்டு. நான் திருகோணமலை, வீடு பாலையூற்றில். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே தலை காட்ட முடியாது, முகத்தில் அடுப்பு ஊதுகிற மாதிரி இருக்கும். (வறுத்து விற்கிற கச்சான், அதாவது நிலக்கடலை, வேறு, இது காற்று. தமிழ்நாட்டு நண்பர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.)

அன்றாட ஆர்வம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பின்னேரம் டச்பே மணலில் சொஃப்ட்போல் கிரிக்கெட், கடலுக்குள் பந்து போனால் அடித்தவன்தான் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயில், போகிற வழியில் கோட்டைக்குள் நிற்கிற மான்களுக்குக் கச்சான் சுற்றின பேப்பரைத் தின்னக் கொடுக்காதீர்கள் என்று யாரையாவது ஏசுவது. ராத்திரி ரீல்ஸ். அவ்வளவுதான், எல்லாப் பெடியன்களையும் போல.

ஆனால் இந்தக் கேள்விக்குக் கீழே வந்திருக்கிற பதில்களைப் பார்த்தபோது கொஞ்சம் எரிச்சல் வந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நான் வாசித்த ஏழெட்டுப் பதிலும் காசு கட்டிப் பார்க்கிற படம், காசு கட்டி ஏறுகிற மலை, காசு கட்டிப் படுக்கிற கூடாரம். காசு இல்லாத கோடை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு கோடை வாய்த்தது, 2022இல்.

அந்த வருசம் இலங்கையில் பொருளாதாரம் விழுந்து என்ன நடந்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். நான் அப்போது முதலாம் வருசம். (இப்போது கடைசி வருசம். எப்போது முடியும் என்று கேட்காதீர்கள், எங்கள் பல்கலைக்கழகங்களில் அது மரியாதை இல்லாத கேள்வி.) ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அடுத்த நாளே அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய், ஜூலை 10 வரைக்கும் மற்றவர்களுக்கு இல்லை என்றார்கள். வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் திருகோணமலைச் சீனன்குடாவில் இருக்கின்றன, அந்த ஊரில்தான் நாங்கள் வெறும் போத்தலோடு வரிசையில் நின்றோம். அதற்கு முதல் மே மாதம், பதவி விலகின பிரதமர் மஹிந்த ராஜபக்ச எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் வந்து இருந்த நாட்களில், வாசலில் ஆட்கள் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சரி, அதை விடுவோம், அரசியல் பேசத் தொடங்கினால் கொமென்ட் பெட்டி நாறிவிடும்.

எங்களுக்கு விரிவுரையெல்லாம் ஒன்லைன். டேட்டாவுக்கு ரீலோட் போடவே அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு மேலே கரண்ட் வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் என்று அறிவித்தார்கள், பிறகு குறைந்து குறைந்து ஆடி மாதம் பின்னேரத்தில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் என்று வந்து நின்றது. முறை வைத்துக் கரண்ட் வெட்ட ஊரை ஏ, பி, சி என்று எழுத்தெழுத்தாகப் பிரித்திருந்தார்கள். தூரத்துச் சொந்தம் யாராவது போன் எடுத்தால் முதல் கேள்வி சுகமா என்பது இல்லை, உங்களுக்கு எந்த எழுத்து என்பதுதான்.

அப்படி ஒரு பின்னேரம் இருட்டுக்குள் மெழுகுதிரி தேடப் போய்த்தான் அலுமாரிக்கு மேலே அம்மப்பாவின் ரேடியோ கைக்கு அகப்பட்டது. நீங்கள் நினைக்கிற குட்டி எஃப்எம் பெட்டி இல்லை. ஒரு பெரிய பாண் அளவு, பாரமும் அதற்கு மேலே. மண்ணிறத் தோல் உறை, அதில் நான்கு அழுத்துப் பொத்தானில் இரண்டு போய்விட்டன. பற்றரி மூடி தொலைந்து, ரப்பர் பாண்ட் போட்டு இறுக்கின அடையாளம் பிளாஸ்டிக்கில் கோடாக விழுந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு ஊசி. குமிழைத் திருப்பினால் குமிழ் சுற்றும், ஊசி அசையாது.

அம்மப்பா கதிரையில் இருந்தபடியே, “தம்பி, அதை நோண்டாதை. உள்ளுக்க நூல் அறுந்துபோச்சு. இனி அது சரிவராது” என்றார்.

நான் படிக்கிறது முகாமைத்துவம், எலெக்ட்ரோனிக்ஸ் ஒரு மண்ணும் தெரியாது. இதைச் சொல்லக் காரணம், “நீ என்ஜினியர், உனக்கு இலேசு” என்று யாராவது கீழே எழுதுவார்கள். இல்லை. திருகாணி நாலு கழற்றினேன், அவ்வளவுதான். உள்ளே குமிழிலிருந்து ஒரு சின்னக் கப்பிக்கும் அங்கிருந்து ஊசிக்கும் ஒரு நூல் ஓட வேண்டும், அது உக்கி இரண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு மாமா கடலுக்குப் போகிறவர், மண்ணெண்ணெய் இல்லாமல் அவரும் வள்ளத்தைக் கரையில் போட்டுவிட்டுச் சும்மாதான் இருந்தார். ஒரு முழம் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) தந்தார். தங்கூசியின் குணம் வழுக்குவது, இரண்டு சுற்றுச் சுற்றினால் குமிழ் சும்மா சுழன்றது, மூன்றாவது சுற்றுச் சுற்றி முடிச்சைத் தீயில் லேசாக உருக்கின பிறகுதான் ஊசி நகர்ந்தது. ஆனால் முடிச்சு இடம் மாறிவிட்டதால் ஊசி காட்டுகிற இலக்கம் எல்லாம் பொய். இன்றைக்கும் 1000க்குப் பக்கத்தில் ஊசியை வைத்தால்தான் 1053 கிலோஹேர்ட்ஸில் வருகிற தூத்துக்குடி நிலையம் எடுக்கும். பற்றரி முனைகளில் பச்சைப்பாசி மாதிரிப் பூத்திருந்தது, சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். பெரிய பற்றரி நான்கு வேண்டும், அன்றைக்கு இருந்த விலைக்கு நான் கொடுத்தது ஒரு கிழமைக் கொத்துரொட்டிக் காசு.

போட்டேன். “ஙொய்” என்று ஒரு இரைச்சல், அதற்குள்ளே யாரோ தூரத்தில் பேசுகிற மாதிரி. அவ்வளவுதான் என்று நினைத்து வைத்துவிட்டேன். அடுத்த நாள் பின்னேரம் அதைத் திருகிக்கொண்டு இருக்கும்போது எங்கள் எழுத்துக்குக் கரண்ட் போனது. போன அந்த நொடி இரைச்சல் கத்தியால் வெட்டினது மாதிரி நின்றது. நின்றதும், தெளிவான தமிழில் ஒரு பெண் குரல், பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். எல்இடி பல்பு, போன் சார்ஜர், ரிவி என்று வீட்டில் கரண்டில் ஓடுகிற முக்கால்வாசிச் சாமான் மத்திய அலையிலும் (மீடியம் வேவ்) சிற்றலையிலும் (ஷோர்ட் வேவ்) இரைச்சல் குப்பை கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துக் குண்டு பல்புகள் அப்படிச் செய்யாது, அதனால்தான் அம்மப்பாவுக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. முழு ஊரும் ஒன்றாக இருண்டால் குப்பையும் ஒன்றாக நிற்கும். இரவில் தூர நிலையங்கள் எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. பகலில் வெயில் பட்டு வானத்தில் மின்னேறி நிற்கிற ஒரு படலம் மத்திய அலையை விழுங்கிவிடும், பொழுது பட்டால் அது கலைந்துவிடும், அதற்கு மேலே இருக்கிற படலத்தில் அலை பட்டுத் தெறித்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி விழும்.

அன்றிலிருந்து ஊரே கரண்ட் வெட்டைத் திட்டிக்கொண்டிருக்க நான் அதற்குக் காத்திருந்தேன். இதை வெளியே சொன்னால் அடி விழும், வீட்டில் அம்மா வியர்த்து விறுவிறுத்துக்கொண்டு விசிறியும் கையுமாக இருப்பா. அதனால் முருங்கை மரத்தில் பத்து மீற்றர் செப்புக்கம்பி கட்டி, அதன் மறுமுனையை அன்டெனாவில் சுற்றி, முற்றத்தில் பாய் போட்டுக்கொண்டேன். 1053இல் தூத்துக்குடி, 936இல் திருச்சி, சிற்றலைக்குப் போனால் ஒரு நாள் ஜப்பான், ஒரு நாள் எது என்றே தெரியாத அரபு ஓதல். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இலிருந்து இருக்கிறதாம், எனக்கு அன்றுதான் தெரியும். சீனக்காரர்கள் தங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, எங்கள் தமிழ் சேர் கூடப் பேசாத சுத்தத் தமிழில், அன்பான நேயர்களே என்கிறார்கள்.

அம்மப்பா முதல் இரண்டு நாளும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். மூன்றாம் நாள் தானே கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். “நிலாவெளி தாண்டினா ஜேர்மன்காரன்ட ஸ்டேஷன் இருந்தது, தெரியுமோ?” என்று தொடங்கினார். தெரியாது. இருபது வயது வரை இந்த ஊரில் இருந்துவிட்டு, ஜேர்மன் வானொலி டொய்ச்சவெல எங்கள் கரையில் கோபுரங்கள் நட்டுத் தூர தேசங்களுக்கு ஒலிபரப்பியது எனக்குத் தெரியாது. 2013இல் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். திரிகோ (திருகோணமலைதான்) என்றால் எங்கள் கம்பஸ் நண்பர்களுக்கு புறாத்தீவும் திமிங்கிலமும் மட்டும்தான்.

இரவு ஒன்பது ஆனால் அம்மப்பா ஒரு மாதிரி ஆகிவிடுவார், கையை நீட்டி ரேடியோவைத் தன் பக்கம் எடுப்பார். முன்பெல்லாம் ஒன்பதே காலுக்கு பிபிசியின் தமிழோசை. பிபிசிக்காரர் அதை 2017 ஏப்ரல் 30ஓடு நிறுத்திவிட்டார்கள், அவருக்கும் தெரியும். யுத்த காலத்தில் அந்த நேரம் ஒழுங்கையில் ஒரு சத்தம் இருக்காது, ரேடியோ இருக்கிற வீட்டு விறாந்தையில் ரேடியோ இல்லாத வீட்டுக்காரர் வந்து குந்தியிருப்பார்கள், எங்கள் ஊர்ச் செய்தியையே லண்டனிலிருந்துதான் கேட்டோம் என்றார். அது வந்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அந்த வெறும் இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு, “சரி, நீ பாட்டுப் போடு” என்று திருப்பித் தருவார்.

கியூஎஸ்எல் அட்டை என்று ஒன்று இருக்கிறது. எந்த நேரம், எந்த அலைவரிசை, என்ன கேட்டது என்று நிலையத்துக்கு எழுதி அனுப்பினால் சரிபார்த்து அட்டை அனுப்புவார்கள். நானும் அனுப்பினேன். அந்த நேரத்தில் நாங்கள் ஒலிபரப்பவே இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. எனக்கு வந்த கோபம்! இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, உலக நேரத்தில் எழுத வேண்டியதை நான் எங்கள் நேரத்தில் எழுதியிருக்கிறேன், ஐந்தரை மணித்தியாலம் பிசகு. மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அனுப்பினேன். அட்டை வர நான்கு மாதம். அது இப்போது அம்மப்பாவின் சாமிப்படத் தட்டில், முருகனுக்குப் பக்கத்தில்.

“கையில் போன் இருக்கிறது, எந்த நாட்டு ரேடியோவையும் ஆப்பில் கேட்கலாமே” என்று எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். நானும் கேட்பேன். அது வேறு, இது வேறு. தூண்டில் போடுகிறவனிடம் சந்தையில் மீன் இருக்கிறதே என்று சொல்வீர்களா? நான் பழசுதான் நல்லது என்று சொல்ல வரவில்லை, எனக்கு அந்தக் கோடையில் கிடைத்தது இதுதான்.

இன்னும் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். கடல் பக்கம் போனால் வீட்டுக் குப்பை இரைச்சல் குறைவு, ரேடியோ இன்னும் நன்றாக எடுக்கும். அடுத்த வருசம் உல்லாசப் பயணிகள் திரும்ப வரத் தொடங்கின பிறகு, ஒரு இரவு நானும் மச்சான் ஒருவனும் சைக்கிளில் உப்புவெளிக்குப் போய் அலை வந்து தொடுகிற இடத்தில் குந்தினோம். ஐந்து நிமிசம் இல்லை, ஒரு ஹோட்டல் காவல்காரர் டோர்ச் அடித்துக்கொண்டு வந்து, “தம்பி, இது ஹோட்டல் பீச், கெஸ்ட் இருக்கினம், அங்கால போங்கோ” என்றார். கடற்கரை எப்போது ஐயா ஹோட்டலுக்கு எழுதிக் கொடுத்தது? அது அரச காணி. பகலில் கதிரையும் குடையும் மணலில் பரப்பி வைக்கிறார்கள், ராத்திரியில் அந்த மணலும் அவர்களுடையதாகிவிடுகிறது. காவல்காரரில் பிழை இல்லை, அவரும் எங்கள் ஊர் மனுசன், சம்பளத்துக்கு நிற்கிறவர். வேடிக்கை என்னவென்றால் டோர்ச்சை அணைத்துவிட்டு, “என்ன தம்பி, இலங்கை வானொலியோ?” என்று ரகசியமாகக் கேட்டார். திருச்சி என்றேன். ஒரு பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, பிறகு எழுப்பி அனுப்பினார்.

கேட்டவருக்கு நேரடியாகப் பதில்: உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம், எடுத்துப் பாருங்கள், முதலில் பழைய பற்றரி உள்ளே இருந்தால் கழற்றுங்கள். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. இன்றைக்கும் போகவில்லை. போயிருந்தால் இவ்வளவு நீளமாக உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.