ஈரம் தங்கக் கூடாது: மழைக்கால நாய்ப் பராமரிப்பு குறித்த வாசகர் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி எனப் பல இடங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மும்பையின் மழைக்காலத்தில் வீட்டு நாயை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்றே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயது லேப்ரடார் இருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து அதன் மேலிருந்து புளித்த மோர் போல ஒரு வாடை வருகிறது. நாங்கள் தேய்த்துக்கொள்ளும் ஷாம்புவையே போட்டு வாரம் இருமுறை குளிப்பாட்டுகிறோம். குளித்த மறுநாளே பழைய வாடை வந்துவிடுகிறது. லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தினமும் குளிப்பாட்டலாமா? – வாசகி, செம்பூர்

தினமும் வேண்டாம், இப்போது செய்துவரும் இரண்டு முறையே அதிகம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், நாய் குளிப்பது குறைவாக இருப்பதால் அல்ல, குளித்தபின் சரியாகக் காயாமல் இருப்பதால்தான் வாடை வருகிறது என்று தோன்றுகிறது. லேப்ரடாருக்கு முரட்டு மேல்மயிரும் அதற்கு அடியில் பஞ்சு போன்ற அடிமயிரும் உண்டு. மேலே தடவிப் பார்க்கும்போது காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், அடிமயிரில் தண்ணீர் மணிக்கணக்கில் நிற்கும். கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் ஆகியும் நமுத்துக் கிடக்கும் இந்த ஊரின் ஜூலை மாதத்தில், அந்த அடிமயிர் தானாகக் காய்வதற்கு வழியே இல்லை. தோலின் மேல் இயல்பாகவே வாழ்ந்துவரும் பாக்டீரியாக்களும் மலசீசியா என்னும் பூஞ்சையும் அந்தக் கதகதப்பான ஈரத்தில் பன்மடங்கு பெருகுகின்றன. நீங்கள் சொல்லும் புளித்த வாடைக்குப் பெரும்பாலும் அவையே காரணம்.

ஷாம்புவையும் உடனே மாற்றிவிடுங்கள். மனிதர்களின் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு சுமார் 5.5. நாயின் தோலுக்கு அந்த அளவு 7-ஐ ஒட்டியிருக்கும். தோலின் மேலடுக்கும் நம்முடையதைவிட மெல்லியது. நமக்கென்று செய்யப்பட்ட சோப்பும் ஷாம்புவும் அதன் தோலில் உள்ள இயற்கையான எண்ணெய்ப் பூச்சை அடித்துக்கொண்டு போய்விடும். காவல் இழந்த தோலில் கிருமி குடியேறுவது எளிது. குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றுவதும் வேண்டாம். அது எரிச்சலைத் தருவதோடு, நாய் மேலை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, நாய்களுக்கான ஷாம்புவைக் கொண்டு குளிப்பாட்டினால் போதும். குளிப்பாட்டும் முன்பே மயிரைச் சீவிவிடுங்கள். உதிர்ந்த மயிர் உள்ளே சிக்கிக் கிடந்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்தே ஊற்றுங்கள். நுரைக்கத் தேய்த்த நேரத்தைப்போல இருமடங்கு நேரம் அலச வேண்டும். பிறகு துண்டால் பரபரவென்று தேய்க்காமல், மேலே வைத்து அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஒரு துண்டு போதாது, மூன்று தேவைப்படும். கடைசியாக ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மயிரை எதிர்த்திசையில் கோதி விலக்கியபடி அடிவரை காயவிடுங்கள். மயிரை விலக்கி, புறங்கையைத் தோலில் வைத்துப் பாருங்கள். அக்குளிலும், தொடையிடுக்கிலும், வாலின் அடிப்பகுதியிலும் குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை என்று பொருள். என் அனுபவத்தில், குளிப்பாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆனால், காயவைப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் வாடை போகாவிட்டாலோ, தோல் சிவந்து பிசுபிசுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்து ஷாம்புவை அவர் எழுதிக் கொடுக்கக்கூடும். அதைத் தேய்த்தவுடன் அலசினால் பயன் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் மேலில் ஊறவிட்டு அலச வேண்டும்.

டாக்டர் அவர்களுக்கு, தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கிறேன். இப்போது ஒரு வயது. தினமும் பத்துப் பதினைந்து உண்ணிகளைப் பிடுங்கிப் போடுகிறேன், தீர்ந்தபாடில்லை. ஊரில் என் அப்பா மண்ணெண்ணெய் தொட்டு வைப்பார். படுக்கைக்கு அடியில் அந்துருண்டையும் போட்டிருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்? – வாசகர், முலுண்ட்

முதலில் எழுந்து போய் அந்த அந்துருண்டைகளை எடுத்துவிட்டு வாருங்கள். அதில் உள்ள நாப்தலின் நாய்க்கு நஞ்சு. ஒரு வயதுக் குட்டி எதையும் கடித்துப் பார்க்கும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அப்பா காலத்தில் வேறு மருந்து கைக்கு எட்டவில்லை, இப்போது எட்டுகிறது.

பிடுங்கப் பிடுங்க உண்ணி வருவதற்குக் காரணம், நீங்கள் பார்ப்பது அதன் கூட்டத்தில் ஒரு சிறு பங்கை மட்டுமே என்பதுதான். நம் ஊர் நாய்களில் காணப்படும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளில் மூன்று பருவங்களில் மூன்று முறை நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடுகிறது. இறங்கியது சுவர் விரிசலிலும், கதவு நிலையின் இடுக்கிலும், கட்டிலின் கால் மூட்டிலும் போய் ஒளிந்துகொண்டு தோலுரிக்கிறது. ஆமணக்கு விதைபோல உப்பிய பெண் உண்ணி ஒன்று, அப்படிப்பட்ட இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகிறது. ஆகையால் நாயை மட்டும் கவனித்து வீட்டை விட்டுவிட்டால் இந்த வேலைக்கு முடிவே இராது. படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிக்கும் நீரில் அலசுங்கள். சுவரின் இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, விரிசல்களைப் பூசி அடையுங்கள். பூச்சிமருந்து தெளிக்க ஆள் வந்தால், தரை முழுதும் காயும்வரை நாயை வெளியே வைத்திருங்கள்.

நாய்க்கு, மருத்துவர் எடை பார்த்துத் தரும் உண்ணி மாத்திரைகள் இப்போது நன்கு பயன்படுகின்றன. ஒரு மாதம் காப்பவை உண்டு, மூன்று மாதம் காப்பவையும் உண்டு. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால், நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்து அதன்மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது. பூனைக்கு அது உயிரைப் பறிக்கும்.

பரேலில் 1886-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியாலேயே உண்ணியைத் தேடிப் பழகச் சொன்னார்கள். இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். காதின் உள்மடல், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு, வாலின் கீழ் என்று வரிசையாகத் தடவிக்கொண்டு போனால், கண்ணுக்குத் தப்பிய எள்ளளவு உண்ணியும் விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்டதை வெறுங்கையால் நசுக்காமல், முனை மெலிந்த சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எர்லிக்கியா, பேபீசியா ஆகிய கிருமிகளை நாய்க்குள் கொண்டு சேர்ப்பது இந்த உண்ணிதான். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

டாக்டர் மகளுக்கு ஆசிகள். பேரன் வளர்க்கும் நாய் உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கிறது. நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருந்தாலும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விட்டதில்லை. அதற்கும் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுவிட்டால் சூடு தணியும் என்கிறேன், பேரன் கேட்கமாட்டேன் என்கிறான். சொறிக்குக் கற்பூரம் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தடவலாம் அல்லவா? – ஒரு பாட்டி, மாட்டுங்கா

அம்மா, அந்த ஜீவனின் சூட்டைப் பற்றிக்கூட நினைத்துப் பார்க்கிறீர்களே, அது எனக்கு மிகவும் மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் பேரன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. கற்பூரம் நாய்க்கு நஞ்சு. தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே போய் வலிப்பையே வரவழைக்கும். டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே ஆபத்தானது. வெறும் எண்ணெயைத் தேய்த்தாலும், முதல் பதிலில் சொன்ன மலசீசியா பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வதால், சொறி தணிவதற்குப் பதிலாக ஏறும். சீயக்காய் கண்ணில் பட்டால் எரிச்சலில் அடுத்த முறை குளிக்கவே வராது. வெடித்த உள்ளங்காலில் மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி, அது ஊறும்வரை நக்கவிடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சொறி எதனால் என்பதை, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். உண்ணியா, தெள்ளுப்பூச்சியா, பூஞ்சையா, உணவு ஒவ்வாமையா என்று தெரியாமல் எந்த மருந்தும் தடவ வேண்டாம்.

எங்கள் காக்கர் ஸ்பேனியல் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. காதில் பழுப்பு நிற அழுக்கு. பஞ்சுக் குச்சியால் தினமும் எடுக்கிறோம். சரிதானா? – வாசகி, டோம்பிவிலி

குச்சியை நிறுத்திவிடுங்கள். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு அப்பால் அழுக்கைத் தள்ளுவதைத்தான் குச்சி செய்கிறது. தொங்கும் காது ஒரு மூடியைப்போல ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்வதால், இந்த இன நாய்களுக்கு மழைக்காலம் எப்போதுமே சோதனைக் காலம். தலையை உதறுவதால் உங்கள் நாய்க்கு ஏற்கெனவே தொற்று வந்திருக்கலாம்; செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கும் முன் எந்தச் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். குணமான பிறகு வாரம் ஒரு முறை, காது கழுவும் திரவத்தை விட்டு, காதின் அடியை வெளியிலிருந்து பிசையுங்கள். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். பிறகு நாய் தானாகவே உதறட்டும். வெளியே வந்த அழுக்கை மட்டும் விரலில் சுற்றிய பஞ்சால் துடைத்தால் போதும்.

ஈரம்தான் பிரச்சினை என்றால் பொமரேனியனுக்கு மொட்டையடித்துவிடலாமா? முடிவெட்டும் கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள். நகமும் அவர்களே வெட்டட்டுமா? – வாசகர், தாணே

மொட்டை வேண்டாம். பொமரேனியனின் மயிரை ஒட்ட வெட்டினால் சில நாய்களுக்கு அது மீண்டும் வளராமலே போய்விடும், அல்லது திட்டுத்திட்டாக வளரும். தினமும் சீவி, உதிர்ந்த அடிமயிரை எடுத்தாலே காற்று உள்ளே போகும். பாதத்தின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் உள்ள மயிரை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

நகத்தை வீட்டிலேயே வெட்டலாம். வெள்ளை நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரியும் நரம்புக்கு முன்பே நிறுத்த வேண்டும். கறுப்பு நகமானால் அரிசியளவு மட்டும் சீவுங்கள். இரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். முன்காலின் உள்பக்கம் தரையில் படாமல் நிற்கும் ஐந்தாவது நகம், கவனிக்காமல் விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே ஏறிவிடும். அதை மறந்துவிடாதீர்கள்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கிறோம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் நாயை வெளியே கூட்டிப் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் காலைக் கழுவினால் போதுமா? – வாசகி

கழுவுவது அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியதையும், அதைத் தொடர்ந்து எலிக்காய்ச்சல் பரவியதையும் இந்த ஊரில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, நாயின் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, அது அந்தத் தண்ணீரை நக்கும்போதோ உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். பாதிக்கப்பட்ட நாயின் சிறுநீரிலிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் அது தொற்றும்.

எலிக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி நாய்களுக்கு உண்டு. முதல் ஆண்டு சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. ஜூன் மாதத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். இதுவரை போடாதவர்கள் இந்த வாரமே போடுங்கள். தண்ணீர் வடியும்வரை மாடிப்படியின் அடியிலோ பால்கனியிலோ பழைய செய்தித்தாளை விரித்துப் பழக்குங்கள். இரண்டு மூன்று நாள் அடம்பிடித்தாலும் பெரும்பாலான நாய்கள் கற்றுக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யும்போது கையுறை அணியுங்கள். வெளியே போய்த்தான் ஆக வேண்டுமென்றால், வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும், நாய் ஷாம்புவும், இரண்டு துண்டும் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் நான்கு கால்களையும் வயிற்றின் அடியையும் கழுவி, ஒவ்வொரு விரலையும் விரித்து இடுக்கைத் துடைத்து, வெட்டோ சிவப்போ இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நாய் தேங்கிய தண்ணீரில் நடந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.