கட்டம் கட்டமாக இருக்கும் ஓவியங்களின் 'நகல் அச்சு' என்றால் என்ன? ஏற்காட்டு வீட்டில் மாட்டினால் ஏன் நெளிகிறது?

1920களில் டச்சு ஓவியர் மோன்ட்ரியன் வரைந்தது மாதிரி, கோடும் கட்டமும் மட்டுமே உள்ள ஓவியத்தைப் படமெடுத்து, தாளில் அச்சிட்டு, பிரேம் போட்டு விற்பதுதான் நகல் அச்சு. 'இது என்ன படம்?' என்று சிலர் கேட்பார்கள். சேலம் அம்மாபேட்டையில் வீட்டு வாசலில் புள்ளிக் கோலத்தைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்கிறோமா?

சரி, நெளிவுக்கு வருவோம். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும், நனைந்து காய்ந்த பள்ளி நோட்டு மாதிரி. பூப்படத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த நெளிவை நேர்க்கோடு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி தாளில் ஒட்டாமலிருக்க நடுவில் மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவே வெட்டிய தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள், தாள் விரியவும் இடம் விடச் சொல்லுங்கள். கீழே சேலத்தில் வெயில்தான் எதிரி, ஜன்னலுக்கு நேரே மாட்டினால் நிறம் வெளுக்கும்.

அப்புறம், நகல் என்றாலே போலி என்று நினைக்க வேண்டாம். அசல் என்று பொய் சொல்லி விற்றால்தான் போலி.