நாலு பக்கச் சாய்வுக் கூரை: கதவு வேலை தெரிந்தவர் எங்கிருந்து தொடங்குவது?

கதவு, ஜன்னல் வேலை நன்றாகத் தெரியும், இப்போது ‘ட’ வடிவ வீட்டுக்கு நாலு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை போடக் கூப்பிடுகிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா, மேலே ஏறினால் எதில் கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கூரை வேலையில் முக்கால்வாசி தரையிலேயே முடிந்துவிட வேண்டும். கணக்கு தப்பினால் மேலே நிற்கும் நேரம் கூடும், நேரம் கூடக்கூட விழும் வாய்ப்பும் கூடும். எனக்கு இது புரிவதற்கு இன்னொருவர் அடிபட வேண்டியிருந்தது.

தொழிலுக்கு வந்த ஆறாவது வருடம், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வீடு. கைமரம் என்றால் கூரையைத் தாங்கிச் சாய்வாக நிற்கும் மரம். சுவர் மூலையிலிருந்து கூரை உச்சிக்குக் கோணலாக ஏறும் மூலைக் கைமரத்தைத் தரையில் பொருத்திப் பார்க்காமல் மேலே ஏற்றிவிட்டேன். அதன் மேல்முனை வெட்டு மோட்டில், அதாவது கூரை உச்சியில், சேரவில்லை. சுவர் மேல் நின்றபடியே உளியை எடுத்துச் செதுக்கினேன். கூட வந்த தம்பி மறுமுனையைத் தோளில் தாங்கி நின்றான். மரம் புரண்டது. பத்தடி கீழே விழுந்து அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, நாலு மாதம் வேலை இல்லை. வெட்டு சரியாக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆணி அடித்துவிட்டு இரண்டு பேரும் இறங்கியிருப்போம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். வீட்டின் அகலம் 16 அடி, சுவர் மேல் படுத்திருக்கும் உத்திரத்திலிருந்து மோடு 6 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கைமரத்துக்குக் கிடை அளவு 8 அடி, உயரம் 6 அடி, அப்படியானால் நீளம் 10 அடி. மூலைக் கைமரம் கோணலாகப் போவதால் அதன் கிடை அளவு 8 இல்லை, 8-ஐ 1.414-ஆல் பெருக்கி வரும் 11.31 அடி. உயரம் அதே 6 அடிதான். நீளம் 12 அடி 9 அங்குலம் 5 நூலுக்குச் சற்று மேலே வரும் (எட்டு நூல் ஒரு அங்குலம்). இறவாணத்துக்கு, அதாவது சுவருக்கு வெளியே தொங்கும் கூரை ஓரத்துக்கு, நீட்டுவதும், மோட்டுப் பலகையின் தடிமனுக்காகக் கழிப்பதும் தனி. சாய்வும் மாறுகிறது, கவனியுங்கள்: சாதாரணக் கைமரம் கிட்டத்தட்ட 37 டிகிரி, மூலைக் கைமரம் 28 டிகிரி. முதலாவதற்கு வைத்த, கோணம் குறிக்கும் சாய்மட்டத்தை அப்படியே மூலைக்கும் வைத்துக் குறித்ததுதான் அன்றைக்கு நான் செய்த தப்பு.

மூலைக் கைமரத்தில் வந்து சேரும் குட்டைக் கைமரங்களை ஒவ்வொன்றாக அளக்கவே வேண்டாம். இதே சாய்வில் ஒன்றரை அடி இடைவெளி விட்டால், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 22½ அங்குலம் குறையும். வீட்டின் இரண்டு பகுதிக்கும் ஒரே அகலம், ஒரே சாய்வு என்றால், இரண்டு கூரையும் உள்மூலையில் சேரும் கூடல்வாய்க் கைமரத்துக்கும் மூலைக் கைமரத்தின் கணக்கே பொருந்தும். உத்திரத்தில் உட்காரும் வெட்டு மட்டும் கைமர உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

எதையும் அறுக்கும் முன் சுவரின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். பழைய வீடுகளில் ஓரிரு அங்குல வித்தியாசம் சகஜம். வித்தியாசம் இருந்தால் எல்லா மூலைக் கைமரமும் ஒரே நீளம் வராது. அப்புறம் சிமென்ட் தரையில் நூல் தட்டி ஒரு மூலையை முழு அளவில் வரைந்து, மரத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் போகும், போகட்டும்.

இனி மேலே. இடுப்புப் பட்டைக்குப் பதில் முழு உடல் பெல்ட் வாங்குங்கள். ஆனால் பத்தடிச் சுவரில் அதை மட்டும் நம்ப முடியாது. ஆறடிக் கயிறு, அதிர்ச்சியைத் தாங்க விரியும் பகுதி, உங்கள் உயரம் எல்லாம் சேர்ந்தால் கயிறு உங்களைப் பிடித்து நிறுத்தும் முன்பே தரை வந்துவிடும். தாழ்ந்த வீட்டுக்கு உள்பக்கம் முழுக்கப் பலகைத் தளமும், வெளியே இறவாணத்தை ஒட்டிக் கைப்பிடி வைத்த சாரமும்தான் உண்மையான காப்பு. சவுக்குக் கம்பில் சாரம் கட்டினால் போன வருடக் கயிறு வேண்டாம், புதுக் கயிறு வாங்கச் சொல்லுங்கள். பெல்ட் கயிற்றைத் தனியாக நிற்கும் கைமரத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களை அடித்து முடிக்கும்வரை கூரை தானாக நிற்காது. மோட்டுக்கு முட்டு, கைமரங்களுக்குக் குறுக்குச் சட்டம் கொடுத்தே மேலே போக வேண்டும். கைமரம் சுவரை வெளியே தள்ளும், அதனால் எதிரெதிர்ச் சுவர்களைப் பிடிக்கும் விட்டங்கள் முதலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தூறல் விழுந்தால் இறங்கிவிடுங்கள். மின்ரம்பம் தரையில் இருக்கட்டும். பழைய மரம் என்றால் அறுக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள், மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம்.

நேரம் கிடைத்தால் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய்வாருங்கள், திங்கட்கிழமை விடுமுறை. தாழ்வாரங்களின் மூலையில் நின்று அண்ணாந்து பாருங்கள், கைமரங்கள் வந்து சேரும் விதம் படத்தைவிட நன்றாகப் புரியும்.

கடைசியாக, ஓடு ஏற்றும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகச் சொல்வார்கள், விடாதீர்கள். மங்களூர் ஓடு ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், பாரமெல்லாம் ஒரே பக்கம் ஏறிவிடும். இறவாணத்திலிருந்து எதிரெதிர்ப் பக்கங்களிலும் இரண்டு மூன்று வரிசையாக மாற்றி மாற்றி ஏறுங்கள்.